மலையகத்து நீரும் நாட்டு மின்சாரமும்: நீண்டகாலத் திட்டமிடல் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மின்சாரத்தில் எழுபது வீதத்தை 2030ஆம் ஆண்டளவில் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்பது அரசு அறிவித்துள்ள குறிக்கோளாகும். இஃது இந்நாட்டுக்கு முற்றிலும் புதிய வழியன்று. 1990களின் முற்பகுதிவரை நமது மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்வலுவிலிருந்தே பெறப்பட்டது. அந்நீர் பெரிதும் மத்திய மலைநாட்டில் ஊற்றெடுப்பது. ஆதலின், எதிர்காலத் திட்டத்தை ஆராய்வோர் அட்டன், நுவரெலியாப் பிரதேசங்களின் அனுபவத்தை முதலில் நோக்குதல் பொருத்தமாகும்.

மஸ்கெலியா ஓயா, கெகல்கமு ஓயா ஆகியவற்றின் நீர்வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரையொன்றின் வாயிலாக எடுத்துரைத்தார். 1924இல் தொடங்கிய வேலைகள் 1927இல் நிறுத்தப்பட்டன. லக்சபான நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கிற்று. இயற்கை வளம் இருந்தும் அரசியல் விருப்பு இல்லாதவிடத்துத் திட்டம் ஏட்டிலேயே தங்கிவிடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அதன்பின் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. காசல்ரீயின் நீர் விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய நிலையங்களிலும், மவுஸ்ஸாக்கலையின் நீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய நிலையங்களிலும் படிப்படியாக இறங்குகிறது. அதாவது, ஒரே நீர் மும்முறை பயன் தருகிறது. நீர்த்தேக்கத்தின் சிறப்பு இதனோடு முடிவதில்லை. சூரிய ஒளி பகலில் மட்டுமே கிடைப்பது. மின்தேவையோ மாலையில் உச்சத்தை அடைவது. பகலில் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தித் தேக்கத்து நீரைச் சேமித்து மாலையில் திறந்துவிடலாம். எனினும், நீரை மாத்திரம் நம்பியிருத்தலின் ஆபத்தை 1996இன் வறட்சியும் நீண்ட மின்வெட்டும் உணர்த்தின. அதன்பின் நாடு எண்ணெயையும் நிலக்கரியையும் நாடியது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருளை நம்பியிருத்தலின் ஆபத்தும் வெளிப்பட்டது. எனவே நீர், காற்று, சூரிய ஒளி ஆகியன ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு இணைக்கப்படுதலே திட்டமிடலின் சாரமாகும்.

ஆயினும் மெகாவாற்றுக் கணக்கு மட்டும் திட்டமாகிவிடாது. அதன் சுமையை யார் ஏற்பர், பயனை யார் பெறுவர் என்ற வினாவும் எழுகிறது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தினுள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. நீர் வற்றுங் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுவதுண்டு. தலவாக்கலையில் 2012இல் தொடங்கப்பெற்ற 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டத்துக்காகவும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்தோரின் லயன் அறைகளுக்கோ மின்னொளி மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது.

சிறு நீர்மின் நிலையங்களின் வரலாறும் இதனையே காட்டுகிறது. ஒருகாலத்தில் பல தேயிலைத் தொழிற்சாலைகள் தத்தம் ஓடைகளைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டின. தேசிய மின்வழங்கல் எட்டியதும் அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. 1996இல் டிக்கோயாவில் அமைந்த சிறு நிலையத்தைத் தொடர்ந்து தனியார் முதலீடு இத்துறையில் பெருகிற்று. ஆனால் அவ்வோடைகளே பல லயன்களுக்குக் குடிநீரும் தருகின்றன. ஓடையைத் திருப்பும் உரிமை வழங்கப்படும்போது அங்கு வாழ்வோரின் நீருரிமையும் வரையறுக்கப்படல் வேண்டும்.

கூரைமேற் சூரிய மின்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இத்திட்டம் கூரைக்கு உரிமையாளர் ஒருவர் உண்டென்னும் எடுகோளில் அமைந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவையும் லயன் அறையைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை. காணியுறுதியற்ற குடும்பம் மின்சாரம் வாங்குவோராக இருக்கலாமேயன்றி விற்போராக முடியாது.

ஆகவே மலையகத்தைப் பொறுத்தவரை வீட்டுரிமையும் காணியுரிமையும் மின்சாரக் கொள்கைக்குப் புறம்பானவையல்ல. தோட்டத்து ஓடையிலிருந்து பெறும் வருவாயில் ஒரு பங்கு தோட்டத்து மக்களைச் சேருதலும், புதிய அணைகள் பற்றிய முடிவுகளில் அவர்களது குரல் ஒலித்தலும் நீண்டகாலத் திட்டத்தின் உறுப்புகளாக எழுதப்படல் வேண்டும். நீரையும் ஒளியையும் புதுப்பிக்கும் திட்டம் பழைய ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் புதுப்பிக்குமாயின், அதனை முன்னேற்றமெனக் கொள்ளல் சாலாது.