ஆள் கூடினால் வேலை முடிந்துவிடுமா?

மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி பொருள் சேவை வரி பூஜ்யமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் நடப்புக்கு வந்தன. கடைக்குப் போனவர்கள் கண்டதெல்லாம் ரசீதின் அடியில் ஓர் எண் மாறியதைத்தான். அந்த எண்ணை மாற்ற, கணக்கியல் மென்பொருள் எழுதித் தருகிறவர்களுக்குக் கிடைத்தது மூன்றே மாதம். அதிலும் புதிய வரிக்கான மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது ஆகஸ்டு மாதத்தில்தான்.

பிறகு இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்னியல் விலைப்பட்டியல் வந்தது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தேதியும், 25 மில்லியனைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜனவரி முதல் தேதியும் கெடு வைக்கப்பட்டன. அரசாங்கம் குறித்த தேதியை மென்பொருள் நிறுவனம் தன் வசதிக்குத் தள்ளிப்போட முடியாது. ஐந்து பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் ஐவரும் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்போது முதலாளியின் மனத்தில் முதலில் எழுவது, வெளியிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தால் என்ன என்ற எண்ணம்தான்.

நம்மவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங் என்றால் பத்துப் பேர் செய்வதை இருபது பேர் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். புல் வெட்டுகிறவரிடம் ஒரு மூலையைக் காட்டினால் போதும், மற்றவரிடம் அவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. மென்பொருள் அப்படிப்பட்ட வேலை அல்ல. ஒருவர் எழுதியதன் மேல்தான் அடுத்தவர் எழுத வேண்டும். ஆள் கூடினால் பாம்பும் சாகாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

இதைப் பட்டறிந்து எழுதியவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த வேலை காலம் தாழ்ந்தது, செலவும் கூடியது. அந்த அனுபவத்தை 1975-இல் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற நூலாக எழுதினார். ஏற்கனவே தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான கருத்து. மிகவும் எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும், 2022-இல் அவர் காலமாகும் வரையிலும் அதன் பிறகும், இத்துறையில் அதை மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு.

காரணம் இரண்டு. புதிதாக வருகிறவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் யார்? நிறுவனத்திலேயே அதிக வேலைச் சுமையில் இருப்பவர்தான். உதவி வந்து சேரும் முதல் நாளிலேயே அவருடைய வேலை நின்றுவிடுகிறது. இரண்டாவது வெறும் கணக்கு. ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டுமானால் 10 தொடர்புகள் போதும். நால்வர் சேர்ந்து ஒன்பது பேரானால் அது 36 ஆகிறது. ஆட்கள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சோ மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் வெளியாரின் உதவியே கூடாதா? கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மருத்துவக் காப்புறுதி வாங்குவதற்காக அந்நாட்டு அரசாங்கம் அமைத்த ஹெல்த்கேர்.கவ் இணையத்தளம் 2013 அக்டோபர் முதல் தேதி திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். பல ஒப்பந்த நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய தளம் அது. ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மாதப் பிற்பகுதியில் வெளியிலிருந்து ஒரு சிறு குழு வந்து சேர்ந்தது. கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் அதில் ஒருவர். வந்தவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கவில்லை. தளம் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை எல்லாரும் ஒரே திரையில் பார்க்க வழி செய்தார்கள். நாள்தோறும் கூட்டம் போட்டார்கள். யார் மேல் குற்றம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை; பதவியில் பெரியவர் பேசுவதைவிட, சிக்கலை நன்கு அறிந்தவரே பேச வேண்டும் என்பது விதி. பழுதுகளைச் சரிசெய்ததில் பெரும்பங்கு ஏற்கனவே அங்கே இருந்த பொறியாளர்களுடையது. நவம்பர் முடிவில், ஒரே நேரத்தில் 50,000 பேர் பயன்படுத்தக்கூடிய நிலைக்குத் தளம் வந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. வந்த சிலர் செய்த உதவி, இருந்த பலருக்கு வழி திறந்துவிட்டது.

ஆகவே எத்தனை பேரை எடுப்பது என்பதைவிட, எந்த வேலையைக் கழற்றிக் கொடுப்பது என்பதே முதல் கேள்வி. கணக்கியல் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். வரியைக் கணக்கிடும் பகுதி பல ஆண்டுகளாக வளர்ந்தது. எந்த வாடிக்கையாளருக்கு எந்த விதிவிலக்கு என்பது பாதி நிரலிலும் பாதி பழைய ஊழியரின் தலையிலும் இருக்கும். அதைப் புதியவரிடம் கொடுத்தால் அவரும் தவிப்பார், பழையவரும் தவிப்பார்.

ஆனால் விலைப்பட்டியலை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பும் பகுதி அப்படியல்ல. அதற்கான தொழில்நுட்பக் குறிப்புகளை வாரியமே வெளியிட்டிருக்கிறது, சோதித்துப் பார்க்கத் தனித் தளமும் உண்டு. பழைய ஊழியரை நூறு முறை கேட்காமலே ஒருவர் இதைப் பெருமளவு எழுதிவிடலாம். நூற்றுக்கணக்கான மாதிரி விலைப்பட்டியல்களைப் போட்டுச் சரிபார்க்கும் வேலையையும் கொடுக்கலாம். வாடிக்கையாளரின் அன்றாடத் தொலைபேசிப் புகார்களை யாராவது ஏற்றுக்கொண்டாலே போதும், உள்ளே இருப்பவருக்குப் பாதி மூச்சு திரும்பும். பல முதலாளிகள் நினைத்தும் பார்க்காத உதவி இது.

ஆட்களை எங்கே தேடுவது? தனியாள் ஒருவரை அமர்த்தலாம். நிறுவனம் ஒன்றின் மூலம் சிலரை மாத வாடகைபோலப் பெற்று நம் குழுவோடு உட்கார வைக்கலாம். முழு வேலையையும் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்கள் சென்னையையோ ஹோ சி மின் நகரையோ நாடுவதும் உண்டு. சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9.30 என்றால் இங்கே நண்பகல் 12. காலையில் நமக்கு எழும் கேள்வி மதியம் வரை காத்திருக்க வேண்டும். வியட்நாமில் ஒரு மணி நேரம்தான் வேறுபாடு, ஆனால் அவர்களின் தெத் புத்தாண்டு வந்தால் ஒரு வாரத்துக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். சென்னையோடு தமிழிலேயே பேசலாம் என்ற வசதி உண்டு. அந்த வசதியில் ஒரு வழுக்கலும் உண்டு. “முடிச்சிடலாம் சார்” என்ற பதிலைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். முடிந்ததா என்று கேட்பதைவிட, வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்பது மேல்.

காலக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். உதவிக்கு ஆள் வந்த முதல் சில வாரங்களில் வேலை குறையாது, கூடும். அந்த நாட்களில் தினமும் சில மணி நேரத்தைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே நம் ஊழியர் ஒருவருக்கு ஒதுக்கி, அவருடைய மற்ற வேலைகளைக் குறைத்தாக வேண்டும். மூன்று மாதக் கெடு என்றால் முதல் இரண்டு வாரங்களுக்குள் ஆள் வந்துவிட வேண்டும். கடைசி மாதத்தில் அழைத்து வருவது வீண். அப்போது வேலையின் அளவைக் குறைப்பதுதான் வழி. கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் முடித்து, அலங்காரங்களை அடுத்த காலாண்டுக்குத் தள்ளலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரவு பகலாக உழைத்த பழைய ஊழியர், நேற்று வந்தவருக்குத் தன்னைவிட அதிகக் கட்டணம் என்று அறியும் நாள் ஒன்று வரும். அது அவர் காதுக்கு எட்டாமல் இருக்காது. முதலாளி முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி, நெருக்கடி முடிந்ததும் ஓய்வும் ஊக்கத்தொகையும் உண்டு என்று எழுதிக் கொடுப்பது நல்லது. வெளியாள் போனால் இன்னொருவர் கிடைப்பார். அந்தப் பழையவர் போனால் வரிக் கணக்கின் பாதியும் அவரோடு போய்விடும்.

பொறுப்பையும் வெளியாரிடம் கொடுத்துவிட முடியாது. சிங்கப்பூரில் 2018-இல் சிங்ஹெல்த் நோயாளிகள் 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. மறு ஆண்டு ஜனவரியில், கணினிச் சேவையைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. கணினி வேலையை வேறொருவர் பார்த்தார் என்பதால் விவரங்களுக்கு உரியவர் தப்பவில்லை. எனவே வெளியாருக்குப் பயிற்சிக்கும் சோதனைக்கும் வாடிக்கையாளரின் உண்மை விவரங்களைக் கொடுக்காமல், மாதிரி விவரங்களைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பதில் பாலத்தின் இரு பக்கமும் சட்டம் வேறு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், பணி கொடுத்தவருக்கே உரிமை சேர்கிறது. சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். தனியாக வேலை செய்கிறவர் எழுதிய மென்பொருள், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாவிட்டால், அவருக்கே சொந்தம். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர்க்காரரிடம் வேலை கொடுப்பவர்கள் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதையும் உரிமை யாருக்கு என்பதையும் முதல் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வந்தவர்கள் விடைபெறுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நம் ஊழியர் ஒருவர், அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அவர்கள் எழுதிய பகுதியைத் தம் கணினியில் ஓட்டி, சிறு திருத்தம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் மீதமுள்ள அந்த ஒரு வாரம் புதிதாக எதையும் எழுதுவதற்கல்ல, சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும்தான். கடவுச்சொற்களை மாற்றுவது கடைசி நாள் மாலை வேலை.