மவுஸ்னா மைஸ்... அப்போ ஹவுஸ்னா ஏன் ஹைஸ் இல்லை? ஆங்கிலப் பன்மையின் பின்னணி என்ன?

'எஸ்' சேர்த்தால் பன்மை. ஆங்கிலத்தில் நாம படிச்ச முதல் விதிகளில் ஒன்று இது. ஆனா பல்லைக் குறிக்கும் டூத், டீத் ஆகுது. மவுஸ், மைஸ் ஆகுது. ஹவுஸ் மட்டும் சமர்த்தா ஹவுசஸ். "மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். உண்மையில் இதுக்குக் காரணம் இருக்கு.

ஆங்கிலம் பிறந்த பழைய ஜெர்மானிய மொழியில், டூத், மவுஸ் போன்ற சொற்களின் பன்மை விகுதியில் 'இ' ஓசை இருந்தது. அடுத்து வரப்போகும் அந்த 'இ'-க்குத் தோதாக, முன்னால் இருந்த உயிரோசையையும் மக்கள் மாற்றி உச்சரித்தார்கள். நாளடைவில் விகுதி தேய்ந்து காணாமல் போனது. மாறிய ஓசை மட்டும் தங்கிவிட்டது. இதெல்லாம் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. ஹவுஸின் பன்மையில் அந்த 'இ' கிடையாது, அதனால் தப்பித்தது.

வாத்து இனத்தைச் சேர்ந்த கூஸ், கீஸ் ஆவதும் இப்படித்தான். ஆனால் மூஸ் என்ற பெரிய மான், 'மீஸ்' ஆகாது. அது 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல், பன்மையிலும் மூஸ்தான். கீரியைக் குறிக்கும் மங்கூஸோ நம்ம ஊர்ச் சரக்கு, மராத்தியிலிருந்து போனது. அதனால் மங்கூசஸ்.

சில்ட்ரன் இன்னும் சுவாரஸ்யம். 'சில்டர்' என்பதே ஒரு காலத்தில் பன்மை. அது போதாதென்று 'என்' விகுதியையும் ஒட்டிவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், 'அவர்' என்ற பலர்பாலுக்கு மேல் 'கள்' போட்டு நாமும் 'அவர்கள்' என்கிறோமே!

வேலை விண்ணப்பத்தில் கவனம்

கிரேக்க, லத்தீன் சொற்கள்தான் நம்மை மாட்டிவிடுபவை. கிரைட்டீரியா பன்மை, ஒருமை கிரைட்டீரியன். 'திஸ் கிரைட்டீரியா இஸ்' என்று எழுதினால், படிக்கும் அதிகாரி கண்ணில் அதுதான் முதலில் படும். 'தீஸ் கிரைட்டீரியா ஆர்' என்பதே சரி. ஃபினாமினன், ஃபினாமினா ஜோடியும் அப்படியே.

'ஐ ஆம் அன் அலும்னி' என்பதும் தவறு. அலும்னி பன்மை. ஒருவர் என்றால், ஆணுக்கு அலும்னஸ், பெண்ணுக்கு அலும்னா. டேட்டா மட்டும் விதிவிலக்கு: ஆய்வுக் கட்டுரைகளில் 'டேட்டா ஆர்' என எழுதுவது உண்டு, மற்ற இடங்களில் 'டேட்டா இஸ்' தாராளமாகப் போடலாம்.

அதற்காக 'அஸ்' என முடிவதையெல்லாம் 'ஐ' ஆக்கிவிடவும் கூடாது. ஆக்டோபஸை 'ஆக்டோபை' என்பவர்கள் அதை லத்தீன் என்று நினைத்துவிட்டார்கள். அது கிரேக்க வழிச் சொல். ஆக்டோபசஸ் என்றாலே போதும்.

எங்க டெஸ்க்கில் அடிக்கடி திருத்துவது 'ஏர்கிராஃப்ட்ஸ்'. ஒன்று பறந்தாலும் பத்து பறந்தாலும் ஏர்கிராஃப்ட்தான்.