ராகியின் தோலில் இருக்கிறது நார்ச்சத்து

மைசூரு, மண்டியா பக்கத்துக் கிராமங்களில் முத்தே இல்லாமல் சாப்பாடு நிறைவதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கேழ்வரகுக் களி என்று கிண்டுவது அதைத்தான். கிள்ளியெடுத்து, சாறில் புரட்டி, மெல்லாமல் விழுங்கும் இந்த உருண்டையைச் சுண்ணாம்புச் சத்துக்காகவே பெரும்பாலும் புகழ்கிறோம். அது நியாயம்தான். ஆனால் தீட்டிய அரிசியையே நம்பியிருக்கும் இன்றைய தட்டுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது ராகியின் நார்ச்சத்து.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. கம்பும் முழுக் கோதுமை மாவும் ஏறக்குறைய அதே அளவு. தீட்டிய அரிசியும் மைதாவும் 3 கிராமைக்கூடத் தொடவில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அரிசி இழந்த நார் ராகியில் எப்படித் தங்கியது? அரிசியின் உட்பகுதி கெட்டியானது. மில்லில் தேய்த்தால் தவிடு கழன்றுவிடும், அரிசி உடையாமல் நிற்கும். ராகியின் உட்பகுதியோ மிருதுவான மாவு. செந்நிறத் தோல் அதோடு இறுக ஒட்டியிருக்கிறது. தேய்த்தால் மொத்தமும் நொறுங்கும். ஆகவே தோலோடு சேர்த்து அரைத்தார்கள், தோலோடு சேர்த்தே உண்டார்கள். அரிசி வெள்ளையாகிக்கொண்டே போன காலத்திலும் களியின் நிறம் மாறாததற்கு இதுவே காரணம்.

அந்தத் தோலை உரிக்கும் வழியைக் கண்டதும் மைசூருதான். செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், என்.ஜி. மல்லேஷி குழுவினர் ராகியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி உட்பகுதியைக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு தோல் நீங்கியது. ராகியைச் சோறுபோல வடிக்க முடிந்தது. நீக்கிய தோலையும் அவர்கள் குப்பையில் போடவில்லை. நாரும் பாலிஃபீனால்களும் அதில்தான் திரண்டிருக்கின்றன. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ராகித் தோலைச் சேர்த்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை, அது சேர்க்காத சர்க்கரை நோயுள்ள மற்ற எலிகளைவிடக் குறைவாக இருந்ததாக 2010-இல் எழுதினார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எதை உரித்து எறிகிறோம் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது.

மனிதர்களைப் பற்றிய வலுவான சான்று 2019-இல் லான்செட் இதழில் வந்தது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 185 தொடர் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நார் அதிகம் உண்டவர்களிடம் இதய நோய், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. நார் உண்பவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சோதனைகளிலும் உடல் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றும் இறங்கின.

நார் சிறுகுடலில் செரிப்பதில்லை. கரையாத நார் நீரை இழுத்து மலத்தை இளக்கிப் பருமனாக்குகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரின் ஒரு பகுதியை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்டே முக்கிய ஆகாரம். கரையும் நாரின் வேலை வேறு: பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும். ராகியின் 11 கிராமில் 9.5 கிராம் கரையாத வகை. கரையும் நாரையும் தரும் அவரை, கொள்ளு, கீரை போட்ட சாறை முத்தேயோடு வைக்கும் வழக்கம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! களி மட்டும் தின்றால் கரையும் நாரின் பலன் குறைவுதான்.

ராகி என்று பெயர் இருந்தால் போதும், சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். மாவை நைசாக அரைத்து, சலித்துத் தவிட்டைக் கொட்டி, வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். ராகி பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் முதல் பெயர் மைதாவா என்று பார்த்து வாங்குங்கள். மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள், சல்லடையை எடுக்காதீர்கள்.

பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் மூன்று வேளையும் களிக்கு மாறினால் வயிறு உப்பும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். தோலிலுள்ள ஃபைட்டேட் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால் சோகையுள்ளவர்கள் முளைகட்டிய ராகியைப் பயன்படுத்தலாம். இரும்பு மாத்திரையை ராகி உணவோடு சேர்த்து விழுங்காமல் இருப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறோ குடல் அடைப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே மாற வேண்டும்.