தாகம் குறைந்த புல்

சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் விநாயகரைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் கையில் ஒரு கட்டு அருகம்புல் இருக்கும். கிணற்றிலிருந்து தோன்றிய சுயம்பு இவர். அந்தக் கிணறு வற்றுவதே இல்லை என்பது ஐதீகம். கோயிலுக்கு வெளியே கதை வேறு. போர்வெல்கள் கைவிரித்துவிட, கோடை வந்தால் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது இந்தப் பகுதிக்குப் பழகிப்போன விஷயம். பக்கத்து திருப்பதி, கல்யாணி அணையையும் தெலுங்கு கங்கையையும் நம்பியிருக்கிறது. மேலே திருமலைக்கு கோகர்ப்பம், பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா என்று மலை அணைகள். மழை பொய்த்தால் எல்லாமே தரை தட்டும்.

இதே ஊர்களில்தான் ஓட்டல், கல்யாண மண்டபம், புதிய வீட்டு மனைப்பிரிவு என்று எங்கு பார்த்தாலும் புல்தரை. அது குடிக்கும் தண்ணீருக்குக் கணக்குப் போடுவது சுலபம். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர். குழாய் வசதியுள்ள நகரங்களில் தலைக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. ஆக, ஒரு சுமாரான புல்தரை ஏழு பேரின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

தாகம் குறைந்த புல்லை உருவாக்க முடியாதா? முடியும். அதற்கான மூலப்பொருள் காணிப்பாக்கம் வாசலிலேயே விற்கிறது. மேல்நாட்டார் பெர்முடா புல் என்று பெயர் சூட்டி கோல்ஃப் மைதானங்களில் வளர்ப்பது நம் அருகம்புல்லைத்தான். கம்பு, சோளம், கரும்பு போலவே சுடும் வெயிலில் சிக்கனமாக நீரைச் செலவழித்து வளரும் இனம் இது. வேர் ஆழமாக இறங்கும். தண்ணீர் நின்றால் மேலே காய்ந்து, மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு தூங்கும்.

இந்தப் புல்லை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர் கிளென் பர்ட்டன். 1936இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர். முதலில் மாட்டுத் தீவனம், பிறகு புல்தரை. சாதாரண அருகும் ஆப்பிரிக்காவின் மெல்லிலை அருகும் கலந்த ரகங்கள் அங்கிருந்து வரிசையாக வந்தன. 1960இல் வெளியான 'டிஃப்வே' உலகெங்கும் பரவியது. இந்தக் கலப்பினங்கள் மலடு. விதை கிடையாது, தண்டைத் துண்டு போட்டுத்தான் நட வேண்டும்.

ஒரு சுவாரசியமான கிளைக்கதை. இதே பர்ட்டன் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டுக் கம்பு இந்தியாவுக்கு வந்தது. அதை வைத்துத்தான் 1965இல் பஞ்சாபில் டி.எஸ். அத்வால் நாட்டின் முதல் கலப்பினக் கம்பை வெளியிட்டார். பணக்காரர்களின் மைதானத்துக்கும் ஏழைகளின் கூழுக்கும் ஒரே தோட்டத்திலிருந்து சரக்கு!

டிஃப்டனின் அண்மைக்கால வெற்றி 'டிஃப்டஃப்'. 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய பல்லாயிரம் கன்றுகளைத் தண்ணீர் காட்டாமல் வாட்டி, எது பச்சையாக நிற்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, 20 ஆண்டுகள் சலித்து எடுத்த ரகம் இது. டிஃப்வேயைவிட 38 சதவீதம் குறைந்த தண்ணீர் போதும் என்கிறது ஜார்ஜியா பல்கலைக்கழகம். அந்தக் கணக்கை அப்படியே சித்தூருக்குக் கொண்டுவர முடியாது. ஜார்ஜியாவில் ஆண்டு முழுக்க மழை உண்டு. இங்கே ஜனவரி முதல் மே வரை வானம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும்.

அப்படியானால் இங்கேயே தேடினால் என்ன? வறட்சியில் வாட்டி ரகம் பொறுக்கும் வித்தை திருப்பதிக்குப் புதிதல்ல. இங்குள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் வறட்சி தாங்கும் 'தரணி' உள்ளிட்ட நிலக்கடலை ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் மானாவாரிக் கடலை விவசாயிக்கு அருகு பரம எதிரி. கொத்திக் கொத்தி மாளாது. அவர் வரிப்பணத்தில் புல்தரைக்கு ஆராய்ச்சியா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். கடலைக்கு முதலிடம் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் தொடக்கச் செலவு அதிகமில்லை. மே மாத வெயிலில் வரப்பிலும் சாலையோரத்திலும் எந்த அருகு பச்சையாக நிற்கிறது என்று பார்த்துத் துண்டு எடுத்து வந்து பக்கத்துப் பக்கத்தில் நட்டு வைத்தால் போதும். விவசாயி பிடுங்கி எறிவதே ஆராய்ச்சிக்குச் சரக்கு.

புதிய ரகம் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை, இருக்கிற புல்லையே பழக்கலாம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்று சொகுசு கண்டுவிடும். வாரம் இரண்டு முறை ஆழமாக நனைய விட்டால் கீழே இறங்கும். ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விடுவதும் வேருக்கு நல்லது. மர நிழலில் அருகு தேறாது. அங்கே தண்ணீரைக் கொட்டுவது வீண். வெட்டும் வேலை குறைய வேண்டுமென்றால் கொரியன் புல் நடலாம். மெதுவாக வளரும், ஆனால் மிதிபட்டால் தேறுவதற்கும் நாளாகும்.

மே மாதம் புல்தரை பழுத்ததும் வீட்டுக்காரர் முதலில் திட்டுவது தோட்டக்காரரை. அடுத்து லாரிக்கு போன். அருகாக இருந்தால் அது பெரும்பாலும் செத்திருக்காது, தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால், சில நாளில் மறுபடி துளிர்விடும்.