கிராமுக்கு எவ்வளவு?

நகைக்கடன் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு மொத்த எடை, நிகர எடை என்னும் சொற்கள் புதியவை அல்ல. வாடிக்கையாளர் கொணரும் அட்டிகையில் கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் கழித்த பிறகு எஞ்சுவதே நிகர எடை. கடன் அதற்குத்தான். பெங்களூருவில் பணிபுரியும் நாங்கள் மூவரும் அந்தப் பிரிவைக் கடந்து வந்தவர்களே. ஆயினும் மிதிவண்டி வாங்கியபோது இந்தப் பாடம் எங்கள் நினைவுக்கு வரவில்லை.

வாங்கியது ரோடு பைக். நம் பக்கத்தில் 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள் என்றே பொருள் கொள்வர். ஆகவே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. வளைந்த கைப்பிடியும் ஒல்லியான டயர்களும் கொண்டு, தார்ச்சாலையில் விரைந்து செல்வதற்கென்றே செய்யப்பட்ட மிதிவண்டி இது. பால்காரர் கேன் கட்டிச் செல்லும் பழைய கறுப்பு வண்டி ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். எங்கள் அலுமினிய வண்டிகளின் எடை அதில் பாதி. மூவரும் ஒரே கடையில், ஒரே வகை வண்டியை, ஆளுக்கு 62,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம்.

கடையில் தந்த விவரத்தாளில் எடை 10.2 கிலோ என்றிருந்தது. வீட்டுக்கு வந்து, பயணப்பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசில் இருக்கையின் மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டபோது அது 10.86 காட்டியது. பொய் சொல்லிவிட்டார்கள் என்று முதலில் எண்ணினோம். பொய் இல்லை. இத்துறையில் எடையைப் பெடல் இல்லாமல் சொல்வதே வழக்கம். பல நிறுவனங்கள் சிறிய அளவு வண்டியை நிறுத்தே அந்த எண்ணை அச்சிடுகின்றன. எங்கள் வண்டியில் பெடல்கள் 340 கிராம், தண்ணீர்க் குப்பி தாங்கிகள் இரண்டும் 90 கிராம். மீதி, உயரமான எங்களுக்கு வேண்டியிருந்த பெரிய அளவுச் சட்டகத்தின் பங்கு. சாலையில் மிதிப்பவர் பெடல் இல்லாமல் மிதிக்க முடியாது என்பதால், அன்று முதல் எங்கள் கணக்கில் கொக்கித் தராசு சொல்வதே எடை.

எடை குறைந்த வண்டி மீதான ஆசை நேற்று வந்ததன்று. 1972 அக்டோபர் 25 அன்று பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகர ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அவருக்கு எர்னெஸ்டோ கோல்னாகோ செய்து கொடுத்த எஃகு வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவு. சங்கிலியில்கூடத் துளையிட்டுக் கிராம்களைக் குறைத்தனர். வேடிக்கை என்னவெனில், மேடில்லாத ஓடுதளத்தில் ஒரே சீரான வேகத்தில் செல்பவருக்கு எடையால் வரும் தொல்லை மிகக் குறைவு. காற்றே பெரும் எதிரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்நகரின் மெல்லிய காற்று அவருக்குச் செய்த உதவி, துளைகள் செய்த உதவியைவிடப் பெரிது. 1984இல் அதே நகரில் இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டரை எட்டியபோது, அவர் வண்டியில் இருந்தவை காற்றைக் கிழிக்கும் கனத்த தட்டுச் சக்கரங்கள்.

எடைப்பித்து எல்லை மீறாதிருக்க, உலக மிதிவண்டி அமைப்பான யுசிஐ 2000ஆம் ஆண்டு முதல் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதித்தது. பின்னர் கார்பன் இழை வண்டிகள் அந்த வரம்பை எளிதில் கடந்துவிட, சில அணிகள் வண்டிக்குள் ஈயத்துண்டு வைத்து எடையைக் கூட்டிய காலமும் வந்தது.

எங்களுக்கு விதியும் இல்லை, அணியும் இல்லை. நந்தி மலை இருந்தது. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், உச்சி 1,478 மீட்டரில் இருக்கும் மலை. அடிவாரத்திலிருந்து ஏழரைக் கிலோமீட்டர் போல வளைந்து வளைந்து ஏறும் சாலை, சுமார் 400 மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. ஞாயிறு விடியலில் அங்கு நாங்கள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கையில், கல்லூரி மாணவர்கள் பேசிச் சிரித்தபடி எங்களைக் கடந்து செல்வர். குற்றம் வண்டியின் எடையில்தான் இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு மூவரும் ஒருமனதாக வந்தோம்.

வணிகவியல் படித்தவர்களுக்கு அட்டவணைதான் கைவந்த கருவி. ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு பத்திகள் எழுதினோம்: செலவு, சேமித்த கிராம். ஒன்றை மற்றதால் வகுத்தால் கிராமின் விலை. ஆனால் எந்த விலைவரை போகலாம்? அதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. பெடல் உட்பட 8 கிலோ எடையுள்ள ஒரு கார்பன் வண்டிக்கு அதே கடையில் இரண்டரை லட்சம் ரூபாய் கேட்டனர். கூடுதல் செலவு 1,88,000. குறையும் எடை 2,860 கிராம். ஆக, கிராமுக்கு ஏறத்தாழ 66 ரூபாய். இந்த விலையைத் தாண்டி உதிரிபாகம் வாங்குவதைக் காட்டிலும் முழு வண்டியையே மாற்றுவது மேல் அல்லவா? 66 ரூபாயை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டோம். தனிநபர் கடன் எடுத்து அந்த வண்டியையே வாங்கிவிடலாமா என்ற பேச்சும் எழாமல் இல்லை. கடன் மேசையின் மறுபக்கம் அமர்ந்து பழகியவர்கள் என்பதால், மிதிவண்டியின் தேய்மானம் வட்டியைவிட வேகமாக ஓடும் என்பதை உணர்ந்து அடங்கினோம்.

முதல் 90 கிராமுக்குச் செலவே இல்லை. பின்சக்கரப் பல்தட்டுக்குப் பின்னிருந்த பிளாஸ்டிக் வட்டையும் ஸ்போக்குகளில் மாட்டியிருந்த பிரதிபலிப்பான்களையும் கழற்றினோம். முன்னும் பின்னும் விளக்கு வைத்தே ஓட்டுவதால் இதைச் செய்தோம், விளக்கில்லாதவர் கழற்றலாகாது. அடுத்தது டியூப். வழக்கமான ரப்பர் டியூப் ஒன்று 115 கிராம். இப்போது டிபியு என்னும் மெல்லிய பிளாஸ்டிக் வகை வருகிறது; அது 40 கிராம். இணைக்கு 2,400 ரூபாய், மிச்சம் 150 கிராம். கிராமுக்கு 16 ரூபாய். பிறகு டயர். வண்டியோடு வந்தவற்றின் விளிம்பில் எஃகுக் கம்பி இருந்தது. ஒவ்வொன்றும் 350 கிராம். மடித்து வைக்கக்கூடிய நல்ல டயர் 225 கிராம். 7,500 ரூபாயில் 250 கிராம் குறைந்தது, கிராமுக்கு 30. இருக்கையும் அதே விலைக்கணக்கில் 130 கிராம் குறைத்தது, செலவு 3,900.

பெரிய செலவு சக்கரங்கள். புதிய வண்டியின் விலையைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பது இங்கேதான். வாங்குபவர் ஃபிரேமின் வண்ணத்தைப் பார்ப்பாரேயன்றிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பதில்லை. எங்கள் பழைய இணை 2,150 கிராம், புதிய அலுமினிய இணை 1,600. விலை 33,000, கிராமுக்கு 60 ரூபாய். எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தப்பியது. கார்பன் இருக்கைத் தண்டு கிராமுக்கு 80 ரூபாய் ஆனது, டைட்டானியத் திருகாணிகள் 200 ரூபாய் ஆயின, இரண்டையும் விட்டுவிட்டோம்.

மொத்தம் 46,800 ரூபாய், 1,170 கிராம். வண்டி 9.69 கிலோவுக்கு வந்தது.

பலன் என்ன? ஒரு கிலோவை 400 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 3,900 ஜூல் ஆற்றல் வேண்டும். எங்களைப் போன்ற நடுவயதினர் மலையில் தொடர்ந்து தரக்கூடிய திறன் 180 வாட் எனக் கொண்டால், 1,170 கிராம் குறைந்ததால் நந்தியில் மிச்சமாவது 25 நொடி. முப்பத்தெட்டு நிமிட ஏற்றத்தில் 25 நொடி! சமதரையில் அதுவும் இல்லை. சுழலும் பாகத்தில் குறையும் கிராம் இரு மடங்கு பயன் தரும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. வண்டி வேகமெடுக்கும் கணங்களில், விளிம்பு எடையைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ உண்மை. சீராக ஏறும் மலையில் கிராம் கிராம்தான், அது எங்கே இருந்தாலும். ஆளே நான்கு கிலோ இளைத்தால் ஒன்றரை நிமிடம் மிச்சம் என்பதையும் இதே கணக்கு சொல்லியது. அந்த வரியை அட்டவணையில் சேர்க்க மூவரில் எவரும் முன்வரவில்லை.

ஆயினும் வண்டி மாறிவிட்டது என்பது மெய். மிதித்தவுடன் முன்னே பாய்ந்தது. அதற்கு எடையைக் காட்டிலும் புதிய டயர்களே காரணம் என்பது பிறகு விளங்கியது. நல்ல டயர் உருளும்போது குறைவாக ஆற்றலை விழுங்கும். அந்த மிச்சம் சமதரையிலும் கிடைக்கும். எடைக்காக வாங்கிய பொருளுள் மிகுதியாக உழைத்தது, எடை அல்லாத காரணத்தால் உழைத்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயக்கமாக உள்ளது. எங்களுள் இளையவர், இணையத்தில் ஒரு கார்பன் கைப்பிடியைக் கண்டார். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தது. விலை 3,500 ரூபாய். அசலின் விலை இதைப்போல் பல மடங்கு என்பது மூவருக்கும் தெரியும். அவருடைய அலுமினியக் கைப்பிடி 310 கிராம், வந்தது 200 கிராம். வகுத்துப் பார்த்தோம்: கிராமுக்கு 32 ரூபாய். எல்லைக்கோட்டில் பாதிகூட இல்லை. "அட்டவணையே சரி என்கிறது, சார்" என்றார். நாங்களும் சரி என்றோம். மாட்டியவர்களும் நாங்கள்தான். சாதாரண ஆலன் சாவியால், அசையாமல் இருக்கட்டும் என்று நன்றாகவே முறுக்கினோம்.

எஃகு உடைவதற்கு முன் வளையும். கண்டுகொள்ள நேரம் தரும். கார்பன் இழை அவ்வாறன்று. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் என்றால் கார்பன் கலவை 1.6 கிராம்தான். இழை ஓடும் திசையில் அதன் வலிமையும் வியப்பூட்டுவது. ஆனால் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்து நசுக்குவதை அது தாங்காது. உள்ளே இழைகள் விண்டிருந்தாலும் மேற்பூச்சு பளபளப்பாகவே இருக்கும். ஆகவேதான் கைப்பிடியைப் பற்றும் திருகாணிகளின் அருகே 5 நியூட்டன் மீட்டர் என்பது போன்ற அளவைப் பொறிக்கின்றனர். அந்த அளவுக்கு மேல் போகாதபடி முறுக்க டார்க் ரெஞ்ச் என்னும் கருவி உண்டு. மணற்பொடி கலந்த ஒரு பசையைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். எங்களிடம் இரண்டும் இல்லை.

மூன்றாம் வாரம் நந்தியிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன் அவர் பிரேக்கை அழுத்தினார். உடல் எடை முழுவதும் கைகளுக்கு வரும் தருணம் அது. கைப்பிடி நடுப்பகுதியை ஒட்டி முறிந்தது. பின்னால் வந்த எங்களுக்குக் கேட்டது ஒரு குச்சி ஒடியும் ஓசை மட்டுமே. சாலையோர மண்மேட்டில் விழுந்ததால் உயிர் தப்பினார். காறை எலும்பு முறிந்தது. "கையோடு வந்துவிட்டது, சார்" என்பதையே ஆம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் விடுப்பு. மருத்துவச் செலவைப் பணியாளர் குழுக் காப்பீடு ஏற்றது. வாசகர் சிலர் கேட்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு: ஆண்டுக்கு 20 ரூபாய் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே, எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு அதில் இடமில்லை. மருத்துவக் காப்பீடு தனியாக இருக்க வேண்டும். கைப்பிடி விற்றவரின் பக்கம் மறைந்துபோயிருந்தது.

முறிந்த துண்டைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டினோம். சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்ததைக் காட்டினார். திருகாணி பற்றிய இடத்தில் நசுங்கிய வளையத்தையும் காட்டினார். எது முந்தியது என்று கேட்டோம். இரண்டும் போதும் என்றார்.

இப்போது அட்டவணையில் மூன்றாவது பத்தி ஒன்று உள்ளது: இப்பாகம் ஓடும்போது முறிந்தால் என்ன ஆகும்? இருக்கை உடைந்தால் நின்றுகொண்டு வீடு திரும்பலாம். டியூப் வெடித்தால் மாற்றலாம். கைப்பிடி, அதைத் தாங்கும் தண்டு, முன் ஃபோர்க், பிரேக் ஆகியவற்றின் எதிரே 'கிராம் பார்க்க வேண்டா' என்று எழுதியிருக்கிறோம். கார்பனே கூடாது என்பதன்று. எங்கள் வண்டியின் முன் ஃபோர்க் கார்பன்தான். தயாரித்தவர் யார், பழுதானால் யாரைக் கேட்பது என்பது அதற்கு உண்டு.

இளையவர் நான்காம் மாதம் நந்திக்குத் திரும்பினார். பழைய 310 கிராம் அலுமினியக் கைப்பிடியுடன் 41 நிமிடத்தில் ஏறினார். இறங்கும்போது எல்லா வளைவிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தார். நாங்களும் அவர் பின்னாலேயே மெதுவாக வந்தோம். அடுத்த வாரம் மூவரும் பங்கு போட்டு 2,800 ரூபாய்க்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினோம். பழக்கத்தால் அதையும் அட்டவணையில் ஏற்றினோம். சேமித்த கிராம் என்னும் இடத்தில் சுழியம் இட்டதும், சுழியத்தால் வகுக்க இயலாது என்று கணினி பிழை காட்டியது. அந்த வரியை அழிக்கவில்லை.