கார் வந்தாச்சு, கம்பி எங்கே?

தில்லியில் மின்சாரக் கார் வாங்குவது சுலபம். வீட்டில் அதற்கு சார்ஜ் ஏற்றுவதில்தான் சிக்கல். தனி வீட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை: ஏ.சி.க்குப் போடுவது போல ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட், ஒழுங்கான எர்த் இருந்தால் போதும். 30 யூனிட் பேட்டரி சுமார் பத்து மணி நேரத்தில், அதாவது ஒரே ராத்திரியில், நிரம்பிவிடும். நேரத்தைப் பாதியாக்கும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால், பல வீடுகளில் அனுமதிக்கப்பட்ட மின் பளுவை உயர்த்தச் சொல்லி மனுப்போட வேண்டியிருக்கும்.

துவாரகா அடுக்குமாடிவாசிகளின் கதையே வேறு. மீட்டர் ஓரிடம், கார் நிற்பது வேறிடம். இடையே இழுக்கும் கேபிளின் செலவு சில சமயம் சார்ஜர் விலையையே மிஞ்சிவிடும். முதல் 30,000 சார்ஜர்களுக்குத் தலா ரூ. 6,000 வரை மானியம் என்று 2020-ல் மாநில அரசு அறிவித்தது. அது சார்ஜருக்குத்தான், கேபிளுக்கு அல்ல.

இருக்கும் மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022-ல் சொல்லிவிட்டது. ஆனால் பொதுச் சுவரில் துளை போட குடியிருப்புச் சங்கம் சம்மதிக்க வேண்டுமே! தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள் நிர்வாகிகள். நியாயமான கேள்விதான். புதிய கட்டடங்களில் 20 சதவீத வாகன நிறுத்துமிடங்களுக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்கின்றன 2019-ல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள். அதற்கு முன்பே எழும்பிவிட்ட துவாரகாவுக்கு அதனால் என்ன லாபம்?