இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெள்ளையரல்லாத ஆய்வு மாணவர்களுக்கான துணை அமைப்புகள் எதற்காக உருவாயின, இப்போது ஏன் சிக்கலில் இருக்கின்றன? ஒரு விளக்கம்.

1948-ஆம் ஆண்டு. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் பட்டம் படிக்க வந்த ஜார்ஜ் மெக்லாரினை வகுப்பறைக்குள் விடவில்லை. அதை ஒட்டிய சிறு அறையில் ஒரு மேசை போட்டு, வாசல் வழியாகப் பாடம் கேட்கச் சொன்னார்கள். அவர் கறுப்பினத்தவர். ஏற்கெனவே முதுகலைப் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்தது. நூலகத்தில் எல்லோரும் படிக்கும் கூடத்தில் அவருக்கு இடமில்லை. இடைத்தளத்தில் ஒரு தனி மேசை. உணவகத்திலும் தனி மேசைதான், அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். பிறகு வகுப்புக்குள் இடம் தந்தபோது அதைச் சுற்றித் தடுப்புக் கம்பி போட்டு, 'கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது' என்று பலகை மாட்டினார்கள்.

அதே பேராசிரியர், அதே பாடம், அதே நூல்கள். பிறகு அவருக்கு என்னதான் குறை? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1950 ஜூன் 5 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: சக மாணவர்களோடு பேசவும், விவாதிக்கவும், கருத்துகளைப் பரிமாறவும் தடை இருந்தால் ஒருவர் தன் துறையைக் கற்கும் திறனே குறைந்துபோகிறது, அந்தத் தடைகள் செல்லாது. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்த பிரவுன் தீர்ப்புக்கு இது ஒரு படிக்கல்லாக அமைந்தது.

உயர்கல்வியில் சக மாணவர்களின் கூட்டம் என்பது படிப்போடு சேர்த்துத் தரப்படும் இனாம் இல்லை, படிப்பின் ஒரு பகுதியே அதுதான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட நாள் அது. இன்று நடக்கும் சர்ச்சையைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யார் இந்த மாணவர்கள்?

'ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் கலர்' என்ற சொல் அமெரிக்கக் கல்வி உலகில் சாதாரணமாகப் புழங்குகிறது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழிவந்தவர், அமெரிக்கப் பூர்வகுடியினர், ஆசிய வம்சாவளியினர் என வெள்ளையரல்லாத அனைவரையும் இது குறிக்கும். இவர்களுக்குள் நிலைமை ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். ஆனால், முனைவர் பட்டம் பெறும் அமெரிக்கர்களில் அவர்கள் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 1,96,567 பேர் முதுகலை, ஆய்வுப் படிப்பில் இருந்தவர்கள். அயல்நாட்டு மாணவர்கள் என்பதால் அவர்களது விசா கவலைகள் வேறு. ஆனாலும், ஒரு துறையில் தன்னைப்போல் இன்னொருவர் இல்லாதபோது வரும் தனிமை அவர்களுக்கும் பழக்கமானதுதான்.

ஆய்வுப் படிப்பில் மட்டும் என்ன தனி?

இளங்கலை மாணவருக்கு வகுப்பு இருக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, கூடவே நாற்பது பேர் இருக்கிறார்கள். முனைவர் படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளோடு பெரும்பாலும் வகுப்புகள் முடிந்துவிடும். தகுதித் தேர்வு தாண்டியதும் மிஞ்சுவது ஒரு நெறியாளர், ஓர் ஆய்வகம் அல்லது நூலக மூலை, ஓர் ஆய்வேடு. இப்படியே ஐந்தாறு ஆண்டுகள் ஓடும்.

இந்த உலகில் முக்கியமான தகவல்கள் எதுவும் கையேட்டில் அச்சாகியிருக்காது. எந்தப் பேராசிரியர் மாணவரைக் கைவிடாமல் கரை சேர்ப்பார், வாய்மொழித் தேர்வில் யார் எப்படிக் கேட்பார், உதவித்தொகை நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதெல்லாம் வாய்வழியாக வருபவை. வீட்டில் படித்த தலைமுறை இருந்தால் அப்பாவையோ அத்தையையோ கேட்கலாம். முதல் தலைமுறையாக வந்தவர் சக மாணவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களோடு ஒட்டவில்லை என்றால் கேட்க யாருமே இல்லை.

2015-இல் அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் படிப்பில் சேர்ந்த கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களில் ஏழு ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் 44 சதவீதம்தான். இவர்கள் எல்லோரும் போட்டியில் தேர்வாகி உள்ளே வந்தவர்கள். உள்ளே வந்தவர்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் துணை அமைப்புகள் பிறக்கின்றன.

என்னென்ன ஏற்பாடுகள்?

முதல் வகை, ஆய்வுப் படிப்பின் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவருவது. கூட்டரசு நிதியில் நடக்கும் மெக்நேர் திட்டம் அப்படிப்பட்டது. 1959-இல், தென் கரோலினாவின் லேக் சிட்டி ஊர் நூலகத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கறுப்பினத்தவன் என்பதால் புத்தகம் தர மறுத்தார்கள். புத்தகம் இல்லாமல் போக மாட்டேன் என்று அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவர்தான் ரொனால்ட் மெக்நேர். 1976-இல் எம்ஐடியில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, விண்வெளி வீரராகி, 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்தார். ஏழ்மையான, முதல் தலைமுறை இளங்கலை மாணவர்களையும் ஆய்வுத் துறையில் குறைவாக உள்ள சமூகத்தவரையும் முனைவர் படிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் அவர் பெயரில் நடக்கிறது. அன்று மறுத்த அந்த நூலகக் கட்டடமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது வகை, இரு நிறுவனங்களுக்கு நடுவே பாலம் போடுவது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகமும், வசதிமிக்க வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் உள்ளன. 2004-இல் இவை கைகோத்தன. மாணவர் ஃபிஸ்கில் முதுகலை படிக்கும்போதே வாண்டர்பில்ட் ஆய்வகங்களில் பழகுவார். பிறகு அங்கே முனைவர் படிப்புக்குப் போவார். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் நேர்காணலில் மாணவரின் விடாமுயற்சியைப் பார்த்தார்கள். ஒரே நெறியாளரிடம் விட்டுவிடாமல் பலரைப் பொறுப்பாக்கினார்கள். யாராவது பின்தங்கினால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

மூன்றாவது வகைக்குப் பெரிய பணம் தேவையில்லை. வளாகத்திலேயே மாணவர்கள் கூடும் அறை, மாணவர் சங்கம், ஆய்வேடு எழுதும் குழு. எழுத்துக் குழு ஒன்று எப்படி நடக்கும்? சனிக்கிழமை காலை, நூலகத்தின் சிறு அறை, வேறு வேறு துறைகளைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர். முதலில் அன்று முடிக்கப்போவதை ஆளுக்கு ஒரு வரியில் சொல்ல வேண்டும். "மூன்றாம் இயலில் நாலு பக்கம்" என்பார் ஒருவர். செல்பேசிகள் கவிழ்த்து வைக்கப்படும். ஐம்பது நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் காபி. அந்தக் காபி நேரத்தில்தான் கையேட்டில் இல்லாத பாடம் நடக்கிறது. நெறியாளர் ஒரு மாதமாகப் பதில் போடவில்லை என்று ஒருவர் தயங்கிச் சொல்வார். "சும்மா நினைவூட்டாதே. இன்ன தேதிவரை பார்த்துவிட்டு இப்படிச் செய்யப்போகிறேன் என்று எழுது, பதில் வரும்" என்பார் ஐந்தாம் ஆண்டு மாணவி. ஒரு மாதத் தவிப்பு ஒரு நிமிடத்தில் தீரும்.

இப்போது என்ன சிக்கல்?

2023 ஜூன் 29 அன்று, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறை செல்லாது என்று ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சேர்க்கை பற்றிய தீர்ப்பு. ஆனால், அதன் நிழல் துணை அமைப்புகள்மீதும் விழுந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடும் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச் மாதம் கூட்டரசின் கல்வித் துறை, 'பிஎச்டி புராஜெக்ட்' என்ற அமைப்போடு தொடர்பு வைத்திருந்ததற்காக 45 பல்கலைக்கழகங்கள்மீது விசாரணை தொடங்கியது. வணிகவியல் பேராசிரியர்களில் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மக்களின் எண்ணிக்கையைக் கூட்ட 1994-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. பங்கேற்பை இன அடிப்படையில் வரையறுத்தது என்பது அதன்மீதான குற்றச்சாட்டு. பல வளாகங்களில் இத்தகைய மையங்கள் பெயர் மாற்றப்பட்டன அல்லது மூடப்பட்டன.

இதுவும் ஒரு பிரிவினைதானே?

எதிர்ப்பவர்களின் கேள்வி இதுதான். அரசு நிதியில் நடக்கும் அமைப்பின் கதவு யாருக்கும் சாத்தப்படக் கூடாது என்பது நியாயமான வாதம். அதற்கு வழியும் இருக்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1989-இல் 19 கறுப்பின இளைஞர்களோடு தொடங்கிய, முனைவர் படிப்புக்குத் தயார்செய்யும் மேயர்ஹாஃப் திட்டம் பின்னர் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தது. கூட்டாகப் படிப்பது, உதவி கேட்கக் கூச்சப்படாதது என்ற அதன் அடிப்படைப் பழக்கங்கள் அப்படியே நீடித்தன. அங்கே படித்த நூற்றுக்கணக்கானோர் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

ஆனால், மெக்லாரினைச் சுற்றிய கம்பியையும் சனிக்கிழமை எழுத்துக் குழுவையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. கம்பியைப் போட்டவர்கள் அவரை வகுப்பிலிருந்து விலக்கிவைக்கப் போட்டார்கள். குழுவில் கூடுகிறவர்கள் தாங்களாக வருகிறார்கள். தெம்பு பெற்றுத் திங்கட்கிழமை அதே வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் திரும்புகிறார்கள். கதவை அகலமாகத் திறக்கச் சொல்வது வேறு. அறையையே இடிப்பது வேறு. இடித்தால், ஐந்தாம் ஆண்டு மாணவியிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் இன்னொருவர் பாதியில் ஊர் திரும்புவார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் மையம் மூடியதால் வந்தது என்று பதிவாகாது.

ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பேரைச் சேர்த்தது என்பதைப் பட்டியலில் பார்த்துவிடலாம். அவர்கள் அங்கே உண்மையிலேயே படிக்கிறார்களா என்று அறிய மதியம் ஒரு மணிக்கு உணவகத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்? 1948-இல் அந்த மேசை தனி மேசை. அது தனி மேசையாகவே இருந்தால் கல்வி முழுமையாகாது என்று நீதிமன்றம் சொல்லி 75 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த மேசைக்கு ஆட்களைக் கூட்டிவரும் வேலையைத்தான் இந்த அமைப்புகள் செய்துவருகின்றன.